வெளியே கொடுப்பதா, உள்ளேயே கடைவதா?

கோவையில் கணபதி, பீளமேடு பக்கத்துப் பம்பு பட்டறைகளில் அடிக்கடி நடக்கும் பேச்சு இது. கடைசல் வேலை எடுத்துச் செய்கிறவர் ஒருவர் கொட்டேஷனோடு வந்து உட்காருவார். “அண்ணா, மோனோபிளாக் கேசிங் கடைஞ்சு, துளை போட்டு, ரெடியா 420 ரூபாய்க்குத் தர்றனுங்க. உங்களுக்கு உள்ளே எவ்வளவு அடங்குது?” முதலாளி அக்கவுண்டன்டைப் பார்ப்பார். அடக்கவிலைத் தாளில் 460 என்று இருக்கும். ஒரு கேசிங்குக்கு 40 ரூபாய் மிச்சம், மாதம் 800 கேசிங், ஆக 32,000 ரூபாய். டீ வந்து சேர்வதற்குள் முடிவாகிவிடும்.

அந்த 460 பொய் இல்லை. வருடக் கடைசியில் ஸ்டாக்குக்கு மதிப்புப் போடவும், லாப நட்டக் கணக்கு முடிக்கவும், வங்கிக்குக் காட்டவும் அது சரியான எண்தான். ஆனால் வெண்டருக்குச் சொல்ல வேண்டிய பதில் அதில் இல்லை. அவர் கேட்பதாக எடுத்துக்கொள்ள வேண்டிய கேள்வி வேறு: இந்த வேலையை வெளியே அனுப்பினால் பட்டறையை விட்டு எந்தச் செலவு நிஜமாகவே வெளியேறும்?

இந்த அத்தியாயத்தில் வரும் பம்பு பட்டறை ஒரு மாதிரிப் பட்டறை. அதன் எண்கள் கணக்கு புரிவதற்காக வைத்துக்கொண்டவை. இடையில் வரும் திருப்பூர், லெனின்கிராட், போயிங் சம்பவங்கள் நடந்தவை.

460-ஐப் பிரித்தால்

வார்ப்படம் பவுண்டரியிலிருந்து வருவது, 310 ரூபாய். ஆபரேட்டருக்குப் பீஸ் ரேட் 38. கரண்ட், டூல் இன்சர்ட், கூலன்ட் சேர்த்து 22. இதுவரை 370. மீதி 90 ரூபாய் பங்கு போட்டு ஏற்றியது. சி.என்.சி. லேத் நிற்கும் ஷெட்டுக்கு மாத வாடகை 28,000, சூபர்வைசர் சம்பளம் 20,000, மிஷின் தேய்மானம் 24,000. இந்த 72,000-ஐ 800 கேசிங்கால் வகுத்தால் 90.

வெண்டரிடம் ஆர்டர் போட்ட மறுநாள் என்ன நடக்கும்? வார்ப்படம் வாங்குவது நிற்கும், பீஸ் ரேட் நிற்கும், கரண்ட் பில் குறையும். 370 ரூபாய் உண்மையிலேயே மிச்சம். ஷெட் வாடகை நிற்காது. சூபர்வைசர் நாளையும் வேலைக்கு வருவார். தேய்மானம் என்பது போன வருடமே மிஷினுக்குக் கொடுத்து முடித்த பணத்தின் நிழல். மிஷின் ஓடினாலும் ஓடாவிட்டாலும் வங்கி தவணையைப் பிடித்துக்கொள்ளும். ஆக 370-ஐ மிச்சம் பிடிக்க 420 கொடுக்கிறார் முதலாளி. மாதம் 32,000 லாபம் என்று நினைத்த இடத்தில் 40,000 நட்டம்.

அதிலும் ஆபரேட்டர் பீஸ் ரேட்டில் இல்லாமல் மாதச் சம்பளத்தில் இருந்தால் 38 ரூபாயும் தங்கிவிடும். கூலி என்றாலே மாறும் செலவு என்று பாடப்புத்தகம் சொல்வதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. ஆள் கிடைக்காத கொங்கு மண்டலத்தில் நல்ல சி.என்.சி. ஆபரேட்டரை வேலை இல்லாத மாதத்திலும் சம்பளம் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அனுப்பினால் திரும்பி வரமாட்டார். அந்தப் பட்டறையில் அவர் சம்பளம் ஷெட் வாடகையைப் போன்ற நிலைச் செலவுதான்.

வாங்கும் பக்கமும் 420-ல் நிற்பதில்லை. ஏற்றி இறக்க ஒரு பீஸுக்கு 8 ரூபாய், வந்ததைப் போர் கேஜ் வைத்துப் பார்த்து எடுக்க 5 ரூபாய் என்று வைத்தால் 433. ஜி.எஸ்.டி.யைச் சேர்க்க வேண்டியதில்லை, உள்ளீட்டு வரிக் கழிவாகத் திரும்பிவிடும். கழிவு எடுக்க முடியாத பட்டறைக்கு மட்டும் அது செலவு. பணம் கொடுக்கும் கெடுவையும் பார்க்க வேண்டும். பதிவு பெற்ற குறு, சிறு நிறுவனங்களிடம் வாங்கியதற்கு எழுத்து ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாளிலும், இல்லாவிட்டால் 15 நாளிலும் பணம் போய்ச் சேர வேண்டும். தவறினால், 2023-ஆம் ஆண்டு நிதிச் சட்டம் கொண்டுவந்த விதிப்படி, பணம் கொடுக்கும் வருடத்தில்தான் அதை வருமான வரிக் கணக்கில் செலவாகக் காட்ட முடியும். 90 நாள் கடனில் ஓட்டிப் பழகிய பட்டறைகளுக்கு வெளி வேலையின் சொகுசு இதோடு பாதி போய்விட்டது.

முழுப் பொருளாக வாங்காமல் வார்ப்படத்தைக் கொடுத்துக் கடைந்து மட்டும் வாங்கினால் அது ஜாப் ஒர்க். செலான் போட்டு அனுப்பிய சரக்கு ஒரு வருடத்துக்குள் திரும்ப வேண்டும். இல்லாவிட்டால் அனுப்பிய நாளிலேயே விற்றதாக எடுத்துக்கொண்டு வரி கேட்கும் ஜி.எஸ்.டி. சட்டம். மிஷின் போன்ற மூலதனப் பொருளுக்கு மூன்று வருடம். ஜிக், பிக்ஸ்சர், அச்சு ஆகியவற்றுக்கு இந்தக் கெடு கிடையாது.

இப்போது வித்தியாசம் 433-க்கும் 370-க்கும் இடையே 63 ரூபாய். மாதம் 50,400. வெளியே கொடுப்பதில் இவ்வளவு நட்டம் என்று தாளை மூடிவிடலாமா? இன்னும் ஒரு சுற்று இருக்கிறது. கேசிங் வேலை முழுவதும் வெளியே போனால் மிஷினை மெயின் ஷெட்டின் மூலைக்கு நகர்த்திவிட்டு வாடகை ஷெட்டைக் காலி செய்ய முடியும் என்று வைத்துக்கொள்வோம். சூபர்வைசரும் அசெம்பிளிக்கு மாறி, அங்கே புதிதாக ஆள் எடுக்க இருந்ததைத் தவிர்க்கலாம். அப்படியானால் 48,000 ரூபாய் நிஜமாகவே மிச்சம். 50,400-க்கு எதிராக 48,000. உள்ளே செய்வது மாதம் 2,400 ரூபாய்தான் லாபம். மாதம் 762 கேசிங்குக்குக் கீழே உற்பத்தி இறங்கினால் அதுவும் போய், வாங்குவது மேலாகிவிடும்.

எண்கள் இவ்வளவு நெருங்கி வரும்போது அடக்கவிலைத் தாளின் வேலை முடிந்தது. தரம், நேரத்துக்கு வந்து சேருமா, வார்ப்பட அச்சு யாரிடம் இருக்கிறது என்பவை முடிவு செய்யட்டும். 2,400 ரூபாய்க்காக நல்ல வெண்டரை வேண்டாம் என்பதும், மோசமான வெண்டரை வா என்பதும் ஒரே வகைத் தவறு.

மிஷின் இன்னும் வாங்கவே இல்லை என்றால் கதை வேறு. அப்போது தேய்மானமும் தவிர்க்கக்கூடிய செலவுதான். வங்கிக் கடனின் வட்டியையும் சேர்த்து, முழுச் செலவையும் 433-க்கு எதிரே வைக்க வேண்டும்.

மிஷின் நிரம்பிவிட்டால்

இதுவரை போட்ட கணக்கில் சொல்லாமலே ஒரு அனுமானம் இருக்கிறது: சி.என்.சி. லேத்துக்கு வேறு வேலை இல்லை. 800 கேசிங்குக்கு, ஒன்றுக்கு 9 நிமிடம் வீதம், 120 மணி நேரம் போதும். இரண்டு ஷிப்ட், 25 நாள் என்றால் மாதம் 400 மணி நேரம் இருக்கிறது. பாதிக்கு மேல் சும்மா நிற்கும் மிஷினுக்கு அந்தக் கணக்கு சரி.

பட்டறை வளர்கிறது. வீட்டு மோனோபிளாக்கோடு ஓபன்வெல் பம்பும் நீர்மூழ்கி பம்பும் சேர்கின்றன. மூன்றுமே அதே லேத்தில்தான் கடைபட வேண்டும்.

மோனோபிளாக் விலை 2,900, பொருள், கூலி, கரண்ட் போன்ற மாறும் செலவு 2,300, அது போக நிற்கும் பங்களிப்பு 600. லேத்தில் 12 நிமிடம். கேட்பு மாதம் 800.

ஓபன்வெல் விலை 7,200, மாறும் செலவு 5,900, பங்களிப்பு 1,300. லேத்தில் 30 நிமிடம். கேட்பு 300.

நீர்மூழ்கி விலை 14,500, மாறும் செலவு 12,100, பங்களிப்பு 2,400. ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கும் பௌல்கள் அதிகம் என்பதால் லேத்தில் 75 நிமிடம். கேட்பு 200.

எல்லாவற்றையும் செய்ய 160, 150, 250 என்று மொத்தம் 560 மணி நேரம் வேண்டும். இருப்பது 400. எதைக் குறைப்பது?

சேல்ஸ் ஆட்களைக் கேட்டால் மோனோபிளாக்கைத்தான் குறைக்கச் சொல்வார்கள். 600 ரூபாய்க்காக யார் மல்லுக்கட்டுவது, நீர்மூழ்கியில் ஒன்றுக்கு 2,400 நிற்கிறதே என்பார்கள். அப்படியே செய்தால் 200 நீர்மூழ்கியும் 300 ஓபன்வெல்லும் 400 மணி நேரத்தைத் தின்று தீர்த்துவிடும். மோனோபிளாக் ஒன்றுகூட இல்லை. பங்களிப்பு 4,80,000 + 3,90,000 = 8,70,000.

ஆனால் இந்தப் பட்டறையில் தட்டுப்பாடு பம்புக்கு இல்லை, லேத் மணிக்கு. ஆகவே ஒரு பம்புக்கு எவ்வளவு என்று கேட்காமல் ஒரு லேத் மணிக்கு எவ்வளவு என்று கேட்க வேண்டும். மோனோபிளாக் ஒரு மணிக்கு ஐந்து கேசிங் செட் தரும், 3,000 ரூபாய். ஓபன்வெல் 2,600. நீர்மூழ்கி 1,920 மட்டுமே. வரிசை தலைகீழாகிவிட்டது. 800 மோனோபிளாக், 300 ஓபன்வெல், மிச்சமிருக்கும் 90 மணியில் 72 நீர்மூழ்கி. பங்களிப்பு 4,80,000 + 3,90,000 + 1,72,800 = 10,42,800. அதே மிஷின், அதே ஆட்கள், அதே மாதம். 1,72,800 ரூபாய் கூடுதல்.

இந்தக் கணக்கில் நிலைச் செலவு எங்கும் வரவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். எந்த வரிசையில் செய்தாலும் வாடகையும் சம்பளமும் மாறப்போவதில்லை. அதைப் பம்புகளுக்குப் பங்கு போட்டு ஏற்றினால் வரிசை குழம்பும், வேறு பலன் இல்லை.

கணக்கு சொன்னதைக் கண்ணை மூடிக்கொண்டு செய்யவும் முடியாது. மூன்று ரகமும் வைத்திருக்கும் கடைக்காரர், நீர்மூழ்கி தராத கம்பெனியின் மோனோபிளாக்கை எடுக்க மாட்டார். டெண்டரில் ஒப்புக்கொண்ட எண்ணிக்கையைக் கொடுத்தே ஆக வேண்டும். அப்படிக் கட்டாயமாகச் செய்ய வேண்டியதை முதலில் ஒதுக்கிவிட்டு, மிச்சமுள்ள மணிகளுக்கு மட்டும் இந்த வரிசையைப் போடுவதே நடைமுறை. கட்டாயத்தின் விலை எவ்வளவு என்பதாவது அப்போது முதலாளிக்குத் தெரியும்.

ஒரு பிளைவுட் ஆலையின் கேள்வி

தட்டுப்பாடு ஒரே இடத்தில் இருந்தால் வகுத்தல் போதும். லேத்திலும் தட்டுப்பாடு, மோட்டார் வைண்டிங்கிலும் தட்டுப்பாடு என்றால்? மோனோபிளாக் லேத்தில் முதலிடம், வைண்டிங்கில் கடைசி இடம் என்று வந்தால் எந்த வரிசையை எடுப்பது?

இந்தச் சிக்கலுக்கு விடை கண்டவர் பொருளாதாரம் படித்தவர் அல்ல. 1938-ல் சோவியத் லெனின்கிராடில் பிளைவுட் டிரஸ்டின் ஆய்வகத்திலிருந்து சிலர் பல்கலைக்கழகக் கணிதப் பேராசிரியர் லியோனிட் கண்டரோவிச்சைத் தேடி வந்தார்கள். எட்டு மிஷின்கள், ஐந்து வகை மரம். ஒவ்வொரு மிஷினும் ஒவ்வொரு மரத்தை வெவ்வேறு வேகத்தில் உரிக்கும். எந்த மிஷினில் எந்த மரத்தைப் போட்டால் மொத்த உற்பத்தி அதிகம் என்பது கேள்வி. அவர் வயது அப்போது 26. பழைய கணித முறைகள் உதவாது என்று கண்டு புது முறையை உருவாக்கினார். 1939-ல் சிறு நூலாக அது வெளிவந்தது. அமெரிக்காவில் ஜார்ஜ் டான்ட்சிக் 1947-ல் தனியாக இதே வகைக் கணக்குக்குச் சிம்ப்ளெக்ஸ் முறையைக் கண்டார். கண்டரோவிச்சுக்கு 1975-ல் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது.

இன்று அந்தக் கணக்கைக் கையால் போடத் தேவையில்லை. எக்ஸெலில் சால்வர் என்ற வசதி இலவசமாகவே இருக்கிறது. பங்களிப்பையும் ஒவ்வொரு மிஷினின் நிமிடங்களையும் கேட்பையும் கொடுத்தால் நொடியில் விடை. ஆனால் கண்டரோவிச் தந்ததில் முதலாளிக்கு அதிகம் பயன்படுவது உற்பத்திப் பட்டியல் அல்ல, கூடவே வரும் இன்னொரு எண். தட்டுப்பாடான ஒவ்வொரு வளத்துக்கும், இன்னும் ஒரு அலகு கிடைத்தால் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதிக்கலாம் என்ற மதிப்பு அது. எந்தப் பில்லிலும் இல்லாத விலை.

மாதிரிப் பட்டறையில் அதைச் சால்வர் இல்லாமலே பார்க்கலாம். 401-ஆவது மணி கிடைத்தால் அதில் என்ன கடைவார்கள்? மோனோபிளாக்கும் ஓபன்வெல்லும் கேட்பு முழுவதும் முடிந்துவிட்டது, நீர்மூழ்கிதான். ஆக ஒரு லேத் மணியின் விலை 1,920 ரூபாய், நிமிடத்துக்கு 32.

இந்த 32 ரூபாயைப் பட்டறைச் சுவரில் எழுதிப் போடலாம். வார்ப்படத்தில் புளோ ஹோல் இருக்கிறது என்பது கடைந்து முடித்த பிறகு தெரிந்தால் பவுண்டரிக்கு டெபிட் நோட் போட்டு 310 ரூபாய் வாங்கிவிடலாம். லேத்தில் போன 9 நிமிடத்தின் 288 ரூபாயை யாரும் தரமாட்டார்கள். வார்ப்படத்தைத் தட்டிப் பார்த்து, சந்தேகமானதை லேத்துக்கு முன்பே ஒதுக்க ஒரு ஆளைப் போட்டால் அவர் சம்பளம் வீண் செலவு ஆகாது. சாப்பாட்டு நேரத்தில் லேத் அரை மணி நேரம் நின்றால் 960 ரூபாய். பக்கத்தில் நிற்கும் டிரில்லிங் மிஷின் நின்றால் ஒன்றும் இல்லை. எலியாஹு கோல்ட்ராட் 1984-ல் தொழிற்சாலையைப் பற்றி நாவலாகவே எழுதிய ‘தி கோல்’ புத்தகத்திலும் இதுதான் திருப்பம். என்.சி.எக்ஸ்.-10 என்ற நவீன மிஷின் இடைவேளையில் சும்மா நிற்பதைக் கண்டுபிடிக்கிறார்கள். பழசு என்று ஒதுக்கிய மிஷின்களைத் திரும்பக் கொண்டுவந்து அதன் சுமையைக் குறைக்கிறார்கள். பழைய மிஷினில் ஒரு பீஸுக்கு ஆகும் செலவு அதிகம். இருந்தாலும் லாபம்.

அதே கேசிங், வேறு விடை

இப்போது கொட்டேஷனோடு வந்தவரைத் திரும்பக் கூப்பிடலாம். அவர் விலை மாறவில்லை, 420. கைக்கு வந்து சேர 433. உள்ளே மாறும் செலவும் அதே 370. வித்தியாசம் அதே 63. போன வருடம் இது நட்டம். இந்த வருடம்?

கேசிங்கை வெளியே அனுப்பினால் லேத்தில் ஒன்றுக்கு 9 நிமிடம் விடுபடும். 63 ரூபாய் கொடுத்து 9 நிமிடம் வாங்குகிறார் முதலாளி. ஒரு மணிக்கு 420 ரூபாய். அந்த மணி 1,920 சம்பாதிக்கும். 800 கேசிங்கும் வெளியே போனால் 50,400 ரூபாய் செலவில் 120 மணி கிடைக்கும். அதில் 96 நீர்மூழ்கி பம்பு, பங்களிப்பு 2,30,400. நிகரமாக 1,80,000 லாபம்.

வெளியே கொடுப்பதா, எதை முதலில் செய்வது என்ற இரண்டையும் காஸ்டிங் புத்தகங்கள் இரண்டு தனி அத்தியாயங்களாக வைத்திருக்கின்றன. மிஷின் நிரம்பிய பட்டறையில் அவை ஒரே கேள்வி. உள்ளே செய்வதன் செலவு 370 அல்ல. 370-ம் அந்த 9 நிமிடம் வேறு வேலையில் சம்பாதித்திருக்கக்கூடிய 288-ம் சேர்ந்த 658.

எந்த வேலையை வெளியே அனுப்புவது என்பதையும் இதே அளவுகோல் சொல்லும். கேசிங் போன பிறகும் இன்னும் 40 மணி குறைகிறது. ஓபன்வெல் பிராக்கெட்டை வெளியே கொடுத்தால் ஒன்றுக்கு 330 ரூபாய் கூடுதல் செலவு, 15 நிமிடம் மிச்சம். நீர்மூழ்கியின் பௌல்களைக் கொடுத்தால் ஒரு பம்புக்கு 900 கூடுதல், 45 நிமிடம் மிச்சம். 330 சின்னத் தொகை என்று பிராக்கெட்டை அனுப்பத் தோன்றும். மணிக்கணக்கில் பார்த்தால் பிராக்கெட் 1,320, பௌல் 1,200. பௌல்தான் மலிவு. 54 பம்புகளின் பௌல்களை வாங்கினால் 48,600 செலவில் 40 மணிக்குச் சற்று மேல் கிடைக்கும். எஞ்சிய 32 நீர்மூழ்கியையும் முடித்து 76,800 வரும். மேலும் 28,200 லாபம்.

அதற்கு முன் ஞாயிற்றுக்கிழமை ஷிப்டையும் இதே தாளில் எழுதிப் பார்க்க வேண்டும். சட்டப்படி மிகை நேரத்துக்கு இரட்டைக் கூலி. இரட்டைக் கூலி என்றதும் முகம் சுளிப்பவர்கள், எட்டு மணி ஷிப்டுக்குக் கூடுதலாக 4,800 ரூபாய் ஆனாலும் அது மணிக்கு 600-தான், பௌலை வெளியே கொடுப்பதில் பாதி, என்பதைக் கவனிப்பதில்லை. வார விடுமுறைக்கு ஈடாக வேறு நாள் விடுமுறை தர வேண்டும், மிஷின் பராமரிப்புக்கும் நேரம் வேண்டும். எல்லா ஞாயிறும் ஓட்ட முடியாது.

தட்டுப்பாடு இடம் மாறும்

திருப்பூரில் பனியன் கம்பெனி என்பது பெரும்பாலும் ஜாப் ஒர்க்குகளைக் கோத்து நடத்தும் வேலைதான். நூலை வாங்கி நிட்டிங்குக்கு அனுப்பி, துணியைச் சாயப்பட்டறைக்கு அனுப்பி, காம்பாக்டிங் முடித்து, தைப்பதை மட்டும் உள்ளே வைத்துக்கொள்வார்கள். சாயம் கிலோவுக்கு இவ்வளவு என்று ரேட் பேசிக் கொடுப்பது. தட்டுப்பாடு தையலில், அதாவது டெய்லர் கிடைப்பதில். பல வருடம் இந்தக் கணக்கு ஓடியது.

நொய்யல் ஆற்றில் கலந்த சாயக் கழிவுநீர் தொடர்பான வழக்கில், கழிவுநீரைத் துளியும் வெளியேற்றாத நிலையை எட்டாத சாய, சலவைப் பட்டறைகளை மூடச் சொல்லி 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எழுநூறுக்கும் மேற்பட்ட பட்டறைகள் மூடப்பட்டன. தையல் மிஷின்கள் காத்திருக்க, துணி சாயத்துக்காக வெளி மாவட்டங்களுக்கும் வெளி மாநிலங்களுக்கும் லாரி ஏறியது. ஒரே உத்தரவில் தட்டுப்பாடு தையலிலிருந்து சாயத்துக்கு இடம் மாறியது. தையல் நிமிடத்துக்கு எவ்வளவு நிற்கும் என்று பார்த்து ஆர்டர் எடுத்தவர்கள், சாயமேற்றிய ஒரு கிலோ துணிக்கு எவ்வளவு நிற்கும் என்று பார்க்க வேண்டிய நிலை. எடை குறைந்த, தையல் வேலை அதிகமுள்ள குழந்தை உடுப்பு திடீரென்று மேலான ஆர்டராகிவிடும். வெள்ளை பனியனைவிட அடர் நிற டி-சர்ட் பின்னுக்குப் போகும்.

சொந்தமாகச் சாயப்பட்டறையும் சுத்திகரிப்பு நிலையமும் வைத்திருந்தவர்களின் கிலோ செலவு அதற்கு முந்தைய நாள்வரை அதிகமாகத்தான் தெரிந்திருக்கும். வெளி ரேட் மலிவாக இருந்ததற்குக் காரணம் கழிவுநீரைச் சுத்தம் செய்யும் செலவு அதில் இல்லாததுதான். வெண்டர் விலை சந்தேகப்படும்படி குறைவாக இருந்தால், எந்தச் செலவை அவர் கட்டாமல் விட்டிருக்கிறார் என்று விசாரிப்பது காஸ்டிங் வேலையின் பகுதி.

மின்சாரமும் இப்படித்தான். 2012-ல் சென்னைக்கு வெளியே பல மாவட்டங்களில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கு மேல் மின்வெட்டு இருந்தபோது மிஷின் மணி யாருக்கும் தட்டுப்பாடு இல்லை, யூனிட்தான் தட்டுப்பாடு. ஜெனரேட்டர் கரண்ட் மின்வாரியக் கரண்டைப் போல இரண்டு மடங்குக்கும் மேல் விழுந்தது. ஒரு யூனிட்டுக்கு எவ்வளவு பங்களிப்பு என்று போட்டிருந்தால், எந்த வேலையை டீசலில் ஓட்டலாம், எதை வாரியக் கரண்ட் வரும் வரை நிறுத்தலாம் என்பது தெரிந்திருக்கும்.

தாளில் ஏறாதவை

எல்லாவற்றையும் உள்ளேயே செய்ய நினைத்தவர்களில் ஹென்றி ஃபோர்டை மிஞ்ச ஆள் இல்லை. டயருக்கான ரப்பரையும் தானே விளைவிக்க 1928-ல் பிரேசில் அமேசான் காட்டில் ஃபோர்ட்லாண்டியா என்ற ஊரையே உருவாக்கினார். நெருக்கி நட்ட ரப்பர் மரங்களை இலை நோய் தின்றது. 1945-ல் நிலம் பிரேசில் அரசிடமே விற்கப்பட்டது. கார் செய்யத் தெரிந்தவருக்கு மரம் வளர்க்கத் தெரியாது என்பதை எந்த அடக்கவிலைத் தாளும் முன்கூட்டிச் சொல்லியிருக்காது.

எதிர்த் திசையில் போனது போயிங். 2004-ல் தொடங்கிய 787 விமானத்தின் பெரும்பகுதியை வெளி நிறுவனங்களே வடிவமைத்துச் செய்து தரும்படி ஏற்பாடு செய்தது. பாகங்கள் பொருந்தவில்லை, வேலை முடியாமலே வந்து சேர்ந்தன. 2008-ல் தர வேண்டிய முதல் விமானம் 2011 செப்டம்பரில்தான் ஜப்பானின் ஏ.என்.ஏ. நிறுவனத்துக்குப் போனது. இடையில் 2009-ல், பின்பகுதி உடலைச் செய்துவந்த வாட் நிறுவனத்தின் தென் கரோலினா ஆலையைப் போயிங்கே விலை கொடுத்து வாங்கியது. 2005-ல் விற்றுவிட்ட விச்சிட்டா ஆலை ஸ்பிரிட் ஏரோசிஸ்டம்ஸ் என்ற தனி நிறுவனமானது. அதையும் திரும்ப வாங்க 2024-ல் ஒப்பந்தம் போட்டது.

பம்பு பட்டறைக்கு இதில் எடுத்துக்கொள்ள ஒன்று உண்டு. கேசிங் வெளியே போகலாம். கோவையில் அதைக் கடையும் ஆட்கள் நிறைய. இம்பெல்லரின் வடிவம், வைண்டிங் டேட்டா ஆகியவை வெளியே போகக் கூடாது. பம்பு எவ்வளவு தண்ணீர் தள்ளும், எவ்வளவு கரண்ட் இழுக்கும் என்பது அங்கேதான் இருக்கிறது. அதைத் தெரிந்துகொண்ட வெண்டர் மூன்று வருடத்தில் பக்கத்துத் தெருவில் தன் பெயரில் பம்பு விற்பார். அச்சு பட்டறையின் சொத்தாக இருக்க வேண்டும். ஒரே வெண்டரிடம் முழு அளவையும் கொடுக்காமல் இரண்டு பேரிடம் பிரிப்பது நல்லது, ரேட்டில் ஓரிரு ரூபாய் கூடினாலும்.

எண்களை எங்கே எடுப்பது

இந்தக் கணக்கு பெரும்பாலும் தப்புவது சூத்திரத்தில் அல்ல, நிமிடத்தில். டிராயிங்கில் 9 நிமிடம் என்றால் ஏற்றி இறக்க, டூல் மாற்ற, அளந்து பார்க்க என்று 12 ஆகலாம். ஒரு வாரம் லேத் பக்கத்தில் நோட்டு வைத்து, எந்த வேலை எப்போது ஏறியது, எப்போது இறங்கியது, எதற்காக நின்றது என்று ஆபரேட்டரே எழுதினால் போதும். தட்டுப்பாடு எங்கே என்று தெரியாத பட்டறையில் அரைகுறை வேலை எந்த மிஷின் முன்னால் குவிந்து கிடக்கிறது என்று பார்க்கலாம். அக்கவுண்டன்டைவிட அந்தக் குவியல் நம்பகமானது.

தாளையும் வருடத்துக்கு ஒருமுறை போட்டு வைத்துவிட முடியாது. பம்பு வியாபாரம் வெயிலோடு ஏறி மழையோடு இறங்குவது. பிப்ரவரி முதல் மே வரை லேத் மணி 1,920 ரூபாய். கேசிங் வெளியேதான் போக வேண்டும். அக்டோபரில் ஆர்டர் பாதியாகி லேத் சும்மா நிற்கும்போது அந்த மணியின் விலை பூஜ்யம். வெளியே கொடுக்கும் ஒவ்வொரு கேசிங்குக்கும் 63 ரூபாய் கைநட்டம். அதற்காக வெண்டரை எட்டு மாதம் வெட்டிவிட்டுச் சீசனுக்குக் கூப்பிட்டால் அவர் மிஷினில் வேறு கம்பெனி வேலை ஏறியிருக்கும். சீசன் இல்லாத மாதங்களில் 200 கேசிங் நிச்சயம் என்று எழுதிக் கொடுத்தால் மாதம் 12,600, எட்டு மாதத்துக்கு 1,00,800 ரூபாய் செலவு. சீசனின் நான்கு மாதத்தில் அந்த வெண்டர் விடுவித்துத் தரும் மணிகள் சம்பாதிப்பது மாதம் 1,80,000 வீதம் 7,20,000.